எறிகிற கையைக் கண்டுபிடிப்பதும் காப்பாற்றுவதும்: குமரி மாவட்டப் பள்ளிகளுக்கு ஒரு பேஸ்பால் கையேடு

அமெரிக்க மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நாலு படிகளில் நாலு கிளை அணிகள், ஆக 120. அதற்கும் கீழே பயிற்சி வளாக அணிகளும் டொமினிக்கன் குடியரசில் கோடைக்கால அணிகளும் உண்டு. ஆண்டுதோறும் அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களை எடுக்கும் 20 சுற்றுத் தேர்வு நடக்கும். வெளிநாட்டுப் பிள்ளைகளை 16 வயதிலேயே ஒப்பந்தம் செய்கிறார்கள். இத்தனை பெரிய ஏற்பாட்டிலிருந்து நம் ஊர் பி.டி. மாஸ்டர் கடன் வாங்கக்கூடியது பணமோ கருவியோ அல்ல, ஒரு வரிசை. சொல்லிக் கொடுத்து வராததைத் தேர்வில் தேடு. சொல்லிக் கொடுத்தால் வருவதைப் பயிற்சிக்கு விடு. இரண்டுக்கும் முன்னால் கையைக் காப்பாற்று.

நம் பள்ளிகளில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. குறுவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது கிரிக்கெட் அணியிலிருந்து ஒன்பது பேரைப் பொறுக்கி, அதில் தோள் பெருத்த ஒருவனைப் பிட்சராக்கி (மட்டையாளருக்குப் பந்து எறிபவன்), போட்டி முடிகிற வரை அவனையே போட வைக்கிறோம். கோப்பை வந்தாலும் வராவிட்டாலும் அவன் முழங்கை போய்விடும்.

யாரைப் பார்ப்பது, எங்கே பார்ப்பது

2008-ல் இந்தியாவில் நடந்த எறிதல் போட்டி ஒன்றிலிருந்து பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி எடுத்துக்கொண்ட ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் கிரிக்கெட் பந்துவீச்சாளர்கள் அல்ல. இருவரும் உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறிபவர்கள். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கிரிக்கெட்டில் பந்து போடுகிறவன் ஓடிவந்து, குதித்து, முழங்கையை நீட்டி வைத்துச் சுற்றுகிறான். பேஸ்பாலில் நின்ற இடத்திலிருந்து முழங்கையை மடக்கி எறிய வேண்டும். கிரிக்கெட் அணியில் உங்களுக்கு வேண்டியவன் பந்து போடுகிறவன் அல்ல, எல்லைக்கோட்டிலிருந்து விக்கெட் கீப்பர் கைக்கு ஒரே எறியில் பந்தைச் சேர்ப்பவன்.

அதனால் தேடும் வலையை அகலமாக விரியுங்கள். ஈட்டி எறியும் பிள்ளைகள், வாலிபாலில் ஸ்மாஷ் அடிப்பவர்கள், பந்தைப் பாதி மைதானத்துக்குக் கையால் எறியும் கால்பந்து கோல்கீப்பர்கள் ஆகியோர் முதல் பட்டியல். பூப்பந்து ஆடுபவர்களுக்குக் கண்ணும் கையும் சேர்ந்து ஓடும், அவர்களை மட்டை பிடிக்க வைத்துப் பாருங்கள். கபடிப் பிள்ளைகளின் கால் பக்கவாட்டில் வேகமாக நகரும், அது ஷார்ட்ஸ்டாப்புக்கு (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவன்) ஆகும். தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறைப் பக்கம் கால்பந்துதான் உயிர். அங்கே பிள்ளைகளைப் பிடுங்கப் பார்க்காமல், கால்பந்து இல்லாத நாட்களைக் கேட்டு வாங்குங்கள். வீச்சுவலை வீசிப் பழகியவன் இருந்தால் ஒருமுறை எறியச் சொல்லிப் பாருங்கள். வலை வீசும்போது கால், இடுப்பு, முதுகு, கை என்று வரிசையாகத் திரும்புகிற அதே திருப்பம்தான் பந்தை எறிவதிலும் வேலை செய்கிறது. இடுப்பு முந்தி, கை பிந்தி வருகிற பிள்ளையைச் சொல்லிக் கொடுத்து உண்டாக்குவது கஷ்டம்.

தேர்வு நாள்

வேண்டியவை: பேஸ்பால் 12, 60 மீட்டர் டேப், ஸ்டாப்வாட்ச் இரண்டு, சுண்ணாம்புப் பொடி, ஒரு வலை, நொடிக்கு 240 படம் எடுக்கும் செல்போன், அதை நிறுத்த ஒரு ஸ்டாண்டு. டென்னிஸ் பந்தில் சோதிக்காதீர்கள். அது 60 கிராம்கூட இல்லை, பேஸ்பால் 142 முதல் 149 கிராம். லேசான பந்தில் விரலைச் சுண்டி ஏமாற்றிவிடலாம். கிரிக்கெட் பந்து 156 முதல் 163 கிராம், கொஞ்சம் சின்னது. வேறு வழியே இல்லை என்றால் அதை எடுங்கள், ஆனால் ஒரே நாளில் இரண்டையும் கலக்காதீர்கள்.

வேகம் பார்க்க ரேடார் கன் தேவையில்லை. தரையில் ஒரு கோடு போட்டு, அதிலிருந்து 16 மீட்டரில் வலையைக் கட்டுங்கள். எறிபவனின் முன்கால் கோட்டில் விழ வேண்டும். செல்போனைப் பக்கவாட்டில், எறிபவனும் வலையும் ஒரே படத்தில் அடங்கும் தூரத்தில் வையுங்கள். பிறகு பந்து விரலை விட்டதிலிருந்து வலையைத் தொடும் வரை எத்தனை படம் என்று எண்ணி, 13,824-ஐ அந்த எண்ணால் வகுத்தால் மணிக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். 144 படம் என்றால் 96, 120 படம் என்றால் 115. ஒரு படம் பிசகினால் 1 கிலோமீட்டர் அளவுக்கே வித்தியாசம் வரும். இது வழியெங்கும் சராசரி வேகம். கையை விடும்போது உள்ள வேகம் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ரேடார் கன் காட்டுவது அதைத்தான். சில போன்கள் இடையில் தாங்களே படத்தை இட்டு நிரப்பி 240 என்று கணக்குக் காட்டும். ஓடுகிற ஸ்டாப்வாட்சை ஒரு நொடி படம் பிடித்து, அடுத்தடுத்த படங்களில் எண் உண்மையிலேயே மாறுகிறதா என்று முதலில் பாருங்கள். மேகம் மூடிய சாயங்காலத்தில் படம் இருண்டுவிடும், நாலரை மணிக்குள் முடித்துவிடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் உடல் சூடாக 15 நிமிடம், பிறகு லேசாக 15 எறி, அப்புறம் முழு வேகத்தில் 5. அதற்கு மேல் வேண்டாம். ஐந்தில் அதிகமானதை மட்டும் எழுதாமல் ஐந்தையும் எழுதுங்கள்.

ஓட்டத்துக்கு இரண்டு தூரம். தொழில்முறை அணிகள் பார்க்கும் 60 கெஜம் என்பது 54.86 மீட்டர், மட்டையாளர் முதல் பேஸுக்கு, அதாவது ஓடிச் சேர வேண்டிய முதல் மூலைக்கு, ஓடுவது 27.43 மீட்டர். கடற்கரை மணலில் ஓட விடாதீர்கள், அது காலின் வலுவைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. கேட்சருக்கு (மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிப்பவன்) வருகிறவனுக்கு, பந்து அவன் கையுறையில் விழுந்ததிலிருந்து 38.8 மீட்டர் தள்ளி இரண்டாம் பேஸில் நிற்பவன் கையில் சேரும் வரை நேரம் பாருங்கள்.

மேஜர் லீக்கில் கேட்சருக்கு 2.0 விநாடி சராசரி. வலக்கை மட்டையாளர் முதல் பேஸுக்கு 4.3, 60 கெஜத்துக்கு ஏறக்குறைய 6.9. இவை வளர்ந்த ஆண்களின் எண்கள். எட்டாம் வகுப்புப் பையன் பக்கத்தில் இவற்றை எழுதி அவனைப் பயமுறுத்தாதீர்கள். உங்கள் பள்ளியில் அவன் வயதுக்காரர்களில் எத்தனாவது இடம் என்பது போதும்.

இரண்டு மதிப்பெண்

மேஜர் லீக்கில் ஸ்கவுட், அதாவது ஆட்டக்காரர்களைத் தேடிப் பார்ப்பவர், ஒவ்வொரு திறனுக்கும் 20 முதல் 80 வரை மதிப்பெண் போடுவார். 50 என்றால் மேஜர் லீக் சராசரி. அடித்தல், தூரம் அடித்தல், ஓட்டம், எறிதல், பந்து பிடித்தல் என ஐந்து திறன். முக்கியமான சங்கதி என்னவென்றால், ஒவ்வொன்றுக்கும் இரண்டு எண் உண்டு: இன்று எவ்வளவு, நாளை எவ்வளவு ஆகலாம். நம் தேர்வுத் தாள்களில் முதல் எண்தான் இருக்கிறது. இரண்டாவதைச் சேர்த்துவிடுங்கள், அதற்கு ஒரு வரிக் காரணமும் எழுதுங்கள். ‘நாளை 60’ என்று போட்டுவிட்டு ஏன் என்று எழுத முடியாவிட்டால் அது மதிப்பெண் அல்ல, ஆசை.

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பது இந்த வயதில் செல்லாது. பையன்களுக்குப் பொதுவாக 13, 14 வயதில் உயரம் சட்டென்று ஏறும், ஓர் ஆண்டில் 8 முதல் 10 செ.மீ. கூட. 12-லேயே ஏறிவிட்டவன் தன் வகுப்பில் எல்லாரையும் விட வேகமாக எறிவான், 15-ல் மற்றவர்கள் எட்டிப் பிடிப்பார்கள். ஆகவே தேர்வின்போது உயரம், எடை, பிறந்த மாதம், பெற்றோர் உயரம் நாலையும் குறியுங்கள். பையனுக்கு அப்பா, அம்மா உயரத்தைச் செ.மீ.-ல் கூட்டி 13 சேர்த்துப் பாதியாக்கினால் வளர்ந்த பிறகு வரக்கூடிய உயரத்தின் மதிப்பு கிடைக்கும். பெண் பிள்ளைக்கு 13-ஐக் கழிக்க வேண்டும். முன்பின் 8, 9 செ.மீ. மாறலாம், துல்லியம் எதிர்பார்க்காதீர்கள். இன்னும் வளர வேண்டியவன், ஒல்லி, எறிதலில் பத்தாவது இடம், ஆனால் இடுப்பு அழகாகத் திரும்புகிறது என்றால் அவனைப் பட்டியலில் வையுங்கள். மீசை அரும்பிய முதல் இடத்துக்காரனைவிட இவன்மேல் நம்பிக்கை வைக்கலாம்.

ஒரு நாள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அங்கே வட்டார ஸ்கவுட் பலமுறை பார்த்து எழுதியதை இன்னொருவர் வந்து தனியே பார்த்துச் சரிபார்ப்பார். இங்கே பக்கத்துப் பள்ளி மாஸ்டரைக் கூப்பிட்டு, இருவரும் பேசிக்கொள்ளாமல் எழுதிய பிறகு தாள்களை ஒப்பிடுங்கள். பேசிவிட்டு எழுதினால் மூத்தவர் சொன்னதே இரண்டு தாளிலும் இருக்கும்.

மனம் எப்படி என்று பார்க்க ஒரு சின்ன வழி. அவனுக்கு ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுங்கள், நாலு தையல் பிடி போதும். இரண்டு விரலும் தையலின் குறுக்கே, பெருவிரல் அடியில், பந்துக்கும் உள்ளங்கைக்கும் இடையே இடைவெளி. பத்து நிமிடம் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டுத் திரும்ப எறியச் சொல்லுங்கள். சொன்னது கையில் நிற்கிறதா, மறந்துபோனதைக் கேட்கிறானா என்று பாருங்கள்.

இடம் ஒதுக்குதல்

நல்ல பிள்ளைகளை நடுவில் வையுங்கள்: கேட்சர், ஷார்ட்ஸ்டாப், இரண்டாம் பேஸ், நடுக்களம். அங்கே பழகியவன் பிறகு ஓரத்துக்குப் போகலாம், ஓரத்தில் வளர்ந்தவன் நடுவுக்கு வருவது அரிது. இடக்கையால் எறிபவனை முதல் பேஸிலோ வெளிக்களத்திலோ பிட்சராகவோ மட்டும் பழக்குங்கள். பிட்சராகப் போட்டவனை அதே நாளில் கேட்சராக உட்கார வைக்காதீர்கள். கேட்சரும் ஒவ்வொரு பந்தையும் திருப்பி எறிகிறான், அது கணக்கில் வராத எறி.

பந்துக் கணக்கு

இந்தக் கையேட்டில் ஒரே ஒரு பகுதியைப் பின்பற்ற நேரம் இருந்தால் இதைப் பின்பற்றுங்கள். மேஜர் லீக்கும் அமெரிக்கப் பேஸ்பால் அமைப்பும் சேர்ந்து 2014-ல் வெளியிட்ட வயதுவாரி வரம்பு இது:

13, 14 வயது: ஒரு நாளில் அதிகபட்சம் 95 பந்து. 20 வரை போட்டால் ஓய்வு வேண்டாம், 35 வரை ஒரு நாள், 50 வரை இரண்டு நாள், 65 வரை மூன்று நாள், அதற்கு மேல் நாலு நாள்.

15, 16 வயது: அதிகபட்சம் 95. 30 வரை ஓய்வில்லை, 45 வரை ஒன்று, 60 வரை இரண்டு, 75 வரை மூன்று, அதற்கு மேல் நாலு.

17, 18 வயது: அதிகபட்சம் 105. 30, 45, 60, 80 என்று படி ஏறும், 81-லிருந்து நாலு நாள்.

இதை மூன்று நாள் போட்டியில் வைத்துப் பாருங்கள். 14 வயதுக்குட்பட்டோர் அணியில் முதல் நாள் ஒருவன் 60 பந்து போட்டுவிட்டால் அந்தப் போட்டி முழுவதும் அவனுக்கு இனி வேலை இல்லை. ஏழு இன்னிங்ஸ் ஆட்டத்தில், இன்னிங்ஸுக்கு 15 என்று வைத்தால், 105 பந்து ஆகும். மூன்று பேர் ஆளுக்கு 35 போட்டால் ஒரு நாள் ஓய்வு போதும், மூன்றாம் நாள் அதே மூவர் திரும்பலாம். இரண்டாம் நாளுக்கு வேறு மூவர். ஆக நாளுக்கு ஓர் ஆட்டம் என்றாலும் ஆறு பேர் பந்து போடத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவனை வைத்து ஒப்பேற்றுவது குருவி தலையில் பனங்காய் வைப்பதுதான். ஆறு பேரை எப்படித் தேற்றுவது என்று கேட்டால், ஆறு பேரையும் ஒரே தரத்தில் தேற்ற வேண்டியதில்லை. பந்தை மட்டையாளர் முன்னால் உள்ள ஸ்டிரைக் கட்டத்துக்குள் போடத் தெரிந்தால் போதும், மீதியைக் களத்தில் நிற்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

எண்ணுவதற்கென்று ஒரு பிள்ளையை நோட்டோடு உட்கார வையுங்கள். மாஸ்டரே எண்ணினால் நெருக்கடியான இன்னிங்ஸில் எண்ணிக்கை தானாகக் குறையும்.

முழங்கையின் உள்பக்கம் தொட்டால் வலிக்கிறது என்றால் அன்றே எறிவதை நிறுத்த வேண்டும். இந்த வயதில் அந்த எலும்பு முனை முழுதாக ஒட்டியிருக்காது. ஒவ்வொரு எறியிலும் தசைநார் அதை இழுக்கும், ஓய்வில்லாவிட்டால் இடைவெளி விழும். வளர்ந்தவர்களுக்கு அதே இடத்துத் தசைநார் கிழிகிறது. 1974-ல் டாமி ஜான் என்ற பிட்சருக்கு முதன்முதலாகச் செய்து, அவர் பெயராலேயே வழங்கும் அறுவை சிகிச்சை அதற்குத்தான். அதன் பிறகு திரும்பி வர ஓராண்டுக்கு மேல் ஆகும். நம் பக்கம் கை வலி என்றால் முதலில் ஆசானிடம் உழிச்சலுக்குப் போவார்கள். போகட்டும், ஆனால் வலி குறைந்ததும் மறுநாளே எறிய வந்துவிடுகிறான், சிக்கல் அங்கேதான். வலி போவதும் எலும்பு சேர்வதும் வேறு வேறு. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரைப் பார்த்து, எக்ஸ்ரே எடுத்து, அவர் சொன்ன பிறகு எறியட்டும். “கை வலிக்கா மக்கா?” என்று கேட்டால் “இல்ல சாரே” என்பதைத் தவிர வேறு பதில் வராது. கேட்காமல் பாருங்கள்: வேகம் குறைகிறதா, பந்து மேலே மேலே போகிறதா, இரண்டு பந்துக்கு இடையே கையை உதறுகிறானா.

என்ன சொல்லிக் கொடுப்பது

ஒருவனுக்கு ஒரு பருவத்தில் இரண்டு இலக்கு, மூன்றாவது வேண்டாம். அதையும் எண்ணால் எழுதுங்கள். ‘கட்டுப்பாடு வர வேண்டும்’ என்று எழுதினால் அது வந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாது. ‘20 பந்தில் 12 சட்டத்துக்குள்’ என்றால் தெரியும்.

ஸ்டிரைக் கட்டத்தைக் காட்டும் இந்தச் சட்டத்தை நீங்களே கட்டலாம். இரண்டு கம்பு, நடுவே 43 செ.மீ. அகலம், முழங்காலிலிருந்து நடு நெஞ்சு வரை உயரம், நாலு மூலையிலும் நடுவிலும் கயிற்றில் சிரட்டை. பிட்சர் நிற்கும் தூரம் பெரியவர்களுக்கு 18.44 மீட்டர், 12 வயது வரை அமெரிக்கச் சிறுவர் ஆட்டத்தில் 14.02 மீட்டர். சின்னவனைப் பெரிய தூரத்தில் நிறுத்தினால் பந்தைச் சேர்ப்பதற்காகத் தோளைச் சாய்த்துத் தூக்கி எறியப் பழகுவான், அந்தப் பழக்கம் பிறகு போகாது.

வேகப்பந்து முதலில். அடுத்து மெதுபந்து: அதே கைவீச்சு, பந்தை உள்ளங்கைக்குள் ஆழமாகப் பிடிப்பதால் மட்டும் வேகம் குறைய வேண்டும், கையை மெதுவாகச் சுற்றக் கூடாது. 12 வயது வரை இவை இரண்டுக்கு மேல் எதுவும் வேண்டாம். வளைபந்து 13-க்குப் பிறகு, அதுவும் முதல் இரண்டும் நிலைத்த பிறகு. பிள்ளைகள் முதல் நாளே வளைபந்து கேட்பார்கள். பெற்றோரும் கேட்பார்கள்.

தவறு பிடிக்கப் படத்தை ஒரே இடத்தில் நிறுத்துங்கள்: முன்கால் தரையில் ஊன்றும் கணம். அப்போது எறியும் கை மேலே வந்திருக்க வேண்டும், முழங்கை தோள் மட்டத்தில், நெஞ்சு இன்னும் பக்கவாட்டில். கை அப்போதும் கீழே கிடந்தால் பிந்தி வருகிறது, முழங்கை அதற்கு விலை கொடுக்கும். நெஞ்சு அதற்குள் திறந்துவிட்டால் வேகம் போய்விடும். கிரிக்கெட்டிலிருந்து வந்தவன் காலை ஊன்றும்போது குதிப்பான். பின்கால், பிட்சர் நிற்கும் ரப்பர் தட்டை விடாமல் தள்ளப் பழக்கினால் இரண்டு வாரத்தில் குறையும்.

மேட்டையும் மறக்காதீர்கள். முறையான ஆடுகளத்தில் பிட்சர் நிற்பது 25.4 செ.மீ. உயர மேட்டில். சமதளத்திலேயே பழகியவன் மாநிலப் போட்டியில் முதல்முறை மேட்டில் ஏறினால் கால் எதிர்பார்த்ததைவிடத் தாமதமாகத் தரையைத் தொடும், பந்து தலைக்கு மேல் போகும். ஒன்றரை மீட்டர் நீளப் பலகையை ஒரு முனையில் 12 செ.மீ. தூக்கி ஆணியடித்தால் சரிவு சரியாக வரும். நிற்கும் தட்டுக்கு 61-க்கு 15 செ.மீ. ரப்பர் துண்டு வேண்டும். குலசேகரம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ரப்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்கத் தேவையில்லை.

அடிப்பதில் கிரிக்கெட் பழக்கம் மூன்று இடத்தில் குறுக்கே வரும். மட்டையை நெட்டாகக் கொண்டுவருவது, கையை மட்டும் வீசுவது, எந்தப் பந்தையும் விட்டுக்கொடுக்காமல் ஆடுவது. முதல் இரண்டும் டீயில் (பந்தை மேலே வைத்து அடிக்கும் கம்பு) தீரும். பிவிசி பைப்பின் தலையில் பழைய ரப்பர் ஹோஸ் துண்டைச் செருகினால் டீ தயார். நாளுக்கு 50 அடி, இடுப்பு முதலில் திரும்புகிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்றாவதுதான் கடினம். மட்டையை வீசாமல் நின்று, வரும் 20 பந்துக்கும் ‘உள்ளே’, ‘வெளியே’ என்று கத்திச் சொல்ல வையுங்கள். 20-ல் 15 சரியாகச் சொன்ன பிறகு வீசட்டும். 13 வயதுக்கு 76 செ.மீ. அளவில் மட்டை போதும். ஒரு கையால் பக்கவாட்டில் நீட்டி 20 விநாடி நடுங்காமல் பிடிக்க முடியாவிட்டால் அது அவனுக்குக் கனம்.

ஆண்டு வரிசை

இங்கே மழை இரண்டு முறை. இடவப்பாதியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று. இடையில் பள்ளிப் போட்டிகள். அதனால் ஆண்டில் தொடர்ந்து இரண்டு, மூன்று மாதம் கையைத் தூக்கி எறியாத காலம் வேண்டும் என்றால் அதைப் பொதுத்தேர்வு, கோடை விடுமுறையோடு சேர்த்துவிடுவதே வசதி: மார்ச் முதல் மே வரை. மே மாதக் கோடை முகாமை நிறுத்த வேண்டாம். ஓட்டம், டீ, கால் பயிற்சி, தரைப்பந்து உருட்டிப் பிடித்தல் என்று நடத்துங்கள், கையைத் தூக்கி எறிவது மட்டும் வேண்டாம். ஜூனில் லேசாக 10 மீட்டர், 20 மீட்டர் என்று தொடங்கி, வாரம் மூன்று நாள், ஆறு வாரத்தில் முழு வேகத்துக்கு வாருங்கள். மழை நாளில் வராந்தாச் சுவரில் டென்னிஸ் பந்தை அடித்துப் பிடிப்பது கைக்கு நல்ல பழக்கம். செம்மண் மைதானத்தில் மழைக்குப் பிறகு கல் மேலே வந்து நிற்கும். தரைப்பந்துப் பயிற்சிக்கு முன் பிள்ளைகளை வரிசையாக நடக்கவிட்டுப் பொறுக்கச் சொல்லுங்கள். பல்லில் பட்ட ஒரு பந்து ஒருவனை ஆண்டு முழுக்கப் பயப்பட வைக்கும்.

மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலம். ஆழ்கடலுக்குப் போகும் அப்பாக்கள் வீட்டில் இருப்பது அப்போதுதான். பெற்றோர் கூட்டத்தை அந்த மாதங்களில் வையுங்கள், பந்துக் கணக்கை அவர்களுக்கும் காட்டுங்கள்.

சாப்பாட்டுக்குத் தனி மாவு டப்பா எதுவும் வாங்கச் சொல்லாதீர்கள். மரச்சீனி மட்டும் தின்றால் வயிறு நிறையும், தசை வளராது, அதில் புரதம் மிகக் குறைவு. அதோடு நூறு கிராம் சாளை சேர்ந்தால் 20 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6, ஒரு கைப்பிடி கப்பலண்டியில் 7. பயிற்சி முடிந்ததும் இரண்டு மட்டிப்பழம், தண்ணீர்.

ஜூலையில் ஒருமுறை, நவம்பரில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை அதே 16 மீட்டர் வலையில் அதே ஐந்து எறி. உயரத்தையும் அன்றே அளந்து பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு அளவுக்கு நடுவே 3 செ.மீ. ஏறியவனுக்கு எறிதல் தடுமாறும், வேகம்கூடக் குறையலாம். அவனைப் பட்டியலிலிருந்து அடிக்காமல், பந்துக் கணக்கைப் பாதியாக்கி, அடுத்த அளவு வரை பொறுத்திருங்கள்.